அக்கரையில் நின்ற தாய்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் தாயுமான சுவாமியின் திருவிளையாடலை அறியாத அன்பர்கள் இருக்கமாட்டார்கள். ஆயினும் அதை ஒருமுறை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத வந்தது என் தாயாரைப் பற்றி. ஆனால் அந்தக் கதை இல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல இயலாது.

தனகுத்தன் என்னும் வணிகரின் மனைவி இரத்தினாவதி. அவளுக்குப் பேறுகாலம் நெருங்கியது. துணையிருப்பதற்காகப் பூம்புகாரிலிருந்து அவளுடைய தாய் புறப்பட்டு வந்தாள். வழியில் காவிரியில் பெருவெள்ளம், ஓடம் போகவில்லை. தாய் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இக்கரையில் மகளுக்கு வலி கண்டுவிட்டது. செவ்வந்திநாதரை நினைத்து அவள் கதறியபோது, ஈசனே அத்தாயின் உருக்கொண்டு வந்து, பேறு பார்த்து, மருந்து அரைத்துக் கொடுத்து, வெள்ளம் வடியும்வரை உடனிருந்தார். வெள்ளம் வடிந்தபின் பெற்ற தாய் வந்து வாசலில் நின்றாள். வீட்டுக்குள்ளும் ஒரு தாய், வாசலிலும் ஒரு தாய். எல்லோரும் திகைத்து நிற்கையில் உள்ளே இருந்தவர் மறைந்தார். சித்திரைப் பெருவிழாவில் இன்றும் இந்த வரலாறு ‘செட்டிப்பெண் மருத்துவம்’ என்ற வைபவமாக நடைபெறுகிறது. மருந்துப் பிரசாதம் வாங்குவதற்குக் கர்ப்பிணிகளும் அவர்களுடைய தாய்மார்களும் கூடுவார்கள். சுகப்பிரசவம் ஆனவர்கள் வாழைத்தார் கொண்டுவந்து சமர்ப்பிப்பார்கள்.

என் தாயார் அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருந்தவர். பணிக்காலத்தின் பெரும்பகுதி பிரசவ வார்டிலேயே கழிந்தது. எங்கள் தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை, ‘நர்ஸம்மா’தான். 1988-இல் ஓய்வு பெற்ற பின்னும் அந்தப் பெயர் மாறவில்லை. 2012-இல் அவர் மறைந்தபோது, துக்கம் கேட்க வந்த ஒரு பெரியவர் அவருடைய உண்மைப் பெயரை என்னிடம் விசாரித்துத்தான் தெரிந்துகொண்டார்.

எங்கள் வீடு உறையூரில். தாயுமானவர் மேற்கு நோக்கி அமர்ந்திருப்பவர். தமக்குரிய செவ்வந்தி மலர்களைக் கவர்ந்த சோழனின் தலைநகரைச் சினந்து பார்ப்பதற்காகவே அவர் உறையூர்ப் பக்கம் திரும்பினார் என்று தலபுராணம் சொல்லும். அப்போது பெய்த மண்மாரியில் ஊர் அழிந்தது. மக்கள் வீடிழந்து வெக்காளியம்மனிடம் ஓடினார்கள். அவர்களுக்கு வீடு அமையும்வரை தனக்கும் கூரை வேண்டாம் என்று அன்னை இருந்துவிட்டாள். அதனால்தான் இன்றளவும் அவள் வெட்டவெளியில் வெயிலிலும் மழையிலும் வீற்றிருக்கிறாள். அம்மா இரவுப் பணி முடிந்து வரும்போதெல்லாம், வெக்காளியம்மன் கோயில் இருக்கும் திசையில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புவார். உள்ளே போகமாட்டார், குளிக்கவில்லையே! கொல்லைப்புறமாக வந்து, சீருடையைத் தனியே நனைத்துப் போட்டு, வெந்நீரில் தலை முழுகி, திருநீறு அணிந்து, விளக்கின் முன் ஒரு நிமிடம் நின்ற பிறகுதான் காப்பியே.

தந்தையார் தொடக்கப்பள்ளி ஆசிரியர். 1965-இல், எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, காலமாகிவிட்டார். வீட்டில் அப்பாவைப் பெற்ற பாட்டி, திருமணமாகாத ஒரு அத்தை, படித்துக்கொண்டிருந்த சித்தப்பா, அக்கா, நான், தம்பி என ஆறு பேர். அம்மாவின் ஒரே சம்பளம். முதல் தேதியன்று இரவு எல்லோரும் உறங்கியபின், பிஸ்கட் தகர டப்பாவைத் திறந்து, வாடகை, மளிகை, பால், பள்ளிக் கட்டணம், அத்தையின் கல்யாணச் சீட்டு என்று பழைய காகித உறைகளில் பணத்தைப் பிரித்துப் போடுவார். பிற்காலத்தில் வங்கியில் நான் எத்தனையோ நிறுவனங்களின் கணக்கேடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தகர டப்பாவைப்போல ஒரு காசு பிசகாத கணக்கை நான் கண்டதில்லை. அத்தையின் திருமணத்தை நடத்தியவரும், சித்தப்பாவைப் பொறியியல் படிக்க வைத்தவரும் அவரே. அவர்கள் இருவரும் அம்மாவை ‘அண்ணி’ என்று அழைத்தாலும், எதையும் அவரைக் கேட்காமல் செய்ததில்லை. சித்தப்பா தம் எழுபதாவது வயதிலும் அம்மாவின் எதிரில் நாற்காலியில் உட்காரமாட்டார்.

பாட்டிக்கு மட்டும் நெடுநாள் ஒரு மனக்குறை இருந்தது. “தினமும் பிரசவத் தீட்டைத் தொட்டுவிட்டு வருகிறாய். கோயிலுக்கு வேறு போகிறாயே” என்பார். அம்மா பதில் சொல்வதில்லை. ஒருநாள் பாட்டியே மலைக்கோட்டையில் ஒரு குருக்களிடம் இதைக் கேட்டுவிட்டார். நான் உடனிருந்தேன். குருக்கள் சிரித்துவிட்டார். “இவரே பிரசவம் பார்த்த சுவாமி, பாட்டி. இவரிடத்தில் பிரசவம் பார்க்கிறவர் வருவதற்கு என்ன தடை? ஸ்நானம் செய்துவிட்டு வரச் சொல்லுங்கள், போதும்” என்றார். அதன்பின் பாட்டி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அது மட்டுமல்ல, தெருவில் யாரேனும் அப்படிப் பேசினால், குருக்கள் சொன்னதையே திருப்பிச் சொல்லிச் சண்டைக்குப் போவார்!

அந்நாளைய வார்டு வேலையைப் பற்றி இன்றைய இளம் தலைமுறைக்குச் சொன்னால் வியப்பாக இருக்கும். ஊசி போடும் கண்ணாடிக் குழல்களை ஒவ்வொரு முறையும் கொதிக்க வைத்து எடுக்கவேண்டும். வயிற்றில் இருக்கும் சிசுவின் இதயத் துடிப்பைக் காட்டும் மின்கருவி எதுவும் இல்லை. சிறிய ஊதுகுழல் போன்ற ஒன்றைத் தாயின் வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதைப் பதித்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணவேண்டும். குழந்தை பிறந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எல்லோரும் நினைப்போம். அம்மாவுக்கு அதற்குப் பிறகுதான் கவலை. கருப்பை சுருங்கிக் கெட்டியாகாவிட்டால் உதிரப்போக்கு நிற்காது. அடிவயிற்றில் கையை வைத்துத் தேய்த்துக்கொண்டே, அது இறுகுகிறதா என்று பார்த்தபடி இருப்பார். “குழந்தையைப் பார்க்கக் கூட்டம் இருக்கும். பெற்றவளைப் பார்க்க ஒருத்தியாவது இருக்கவேண்டும்” என்பார்.

தெருவில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் அழைக்காமலே போவார். முதல் நாள் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கும் பழக்கத்தைப் பல வீடுகளில் அவர்தாம் நிறுத்தினார். தொப்புளில் சாம்பலோ சாணமோ வைத்தால் மட்டும் கோபம் வந்துவிடும். பிறந்த குழந்தைக்கு வில்வாத ஜன்னி கண்டு இறப்பதை வார்டில் எத்தனையோ முறை பார்த்தவர் அவர். ஆனால் பத்தியக் குழம்பு, பிரசவ லேகியம் இவற்றை ஒருநாளும் குறை சொன்னதில்லை. தாமே கிளறிக் கொடுப்பார். பெரியோர் செய்தது அனைத்தும் மூடத்தனம் என்றோ, அனைத்தும் சரி என்றோ அவர் நினைக்கவில்லை.

இனி அந்த வெள்ளத்துக்கு வருகிறேன்.

1977-ஆம் ஆண்டு. அக்காவுக்குத் திருமணமாகி, தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நாள் கணக்குப்படி இன்னும் இரண்டு வாரம் இருந்தது. நவம்பர் 14 முதல் அம்மா விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருந்தார். தீபாவளி முடிந்து ஓரிரு நாள்களே ஆகியிருந்தன. 12-ஆம் தேதி சனிக்கிழமை நாகப்பட்டினம் அருகே புயல் கரையைக் கடந்தது. அன்று காலை கொட்டும் மழையில் அம்மா பணிக்குப் புறப்பட்டார். “இன்று ஒருநாள் போகாமல் இருக்கக் கூடாதா?” என்று அக்கா கேட்டதும், “சாயங்காலம் வந்துவிடுவேன்” என்று அம்மா சொன்னதும் இன்றும் என் காதில் இருக்கின்றன.

சாயங்காலம் அம்மா வரவில்லை. இரவு பத்து மணிக்கெல்லாம் தெருவில் இருந்த தண்ணீர் வாசற்படி ஏறிக் கூடத்துக்குள் வந்துவிட்டது. அந்த வெள்ளத்தைக் கண்ட திருச்சிவாசிகளுக்கு நான் அதிகம் விவரிக்க வேண்டியதில்லை. நானும் தம்பியும் பாட்டியைத் தூக்கிக்கொண்டு, அக்காவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, எதிர் வீட்டு மாடிக்கு ஏறினோம். அங்கே ஓர் ஆத்தா இருந்தார். சுருட்டுச் சுற்றிப் பிழைத்தவர். உறையூரில் அந்நாளில் அந்தத் தொழில் மிகுதி. ஏறிய சற்று நேரத்தில் அக்காவுக்கு வலி தொடங்கிவிட்டது.

எனக்கு இருபது வயது. மருத்துவமனைக்குப் போய் அம்மாவை அழைத்து வந்துவிடுவதாகச் சொல்லி இறங்கினேன். தெருமுனையைத் தாண்டுவதற்குள் தண்ணீர் மார்பளவு வந்துவிட்டது. இழுப்பு தாங்கவில்லை. ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, திரும்பிவிட்டேன். அந்தத் திரும்புதலை நான் வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை. வழியில்லை என்று மட்டும் சொன்னேன்.

அம்மா எதையும் எண்ணிச் செய்பவர். அக்கா வந்த அன்றே ஒரு துணிமூட்டை கட்டி, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். கொதிக்க வைத்து உலர்த்திய பழைய வேட்டித் துண்டுகள், நூல், உறை பிரிக்காத சவர அலகு, ஒரு சோப்பு. “எப்போது வேண்டுமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக முடியும் என்று நினைக்காதே” என்று அக்காவிடம் சொல்லி, கொடியில் துடிப்பு அடங்கும்வரை வெட்டக் கூடாது, இரண்டு இடத்தில் கட்டி நடுவில் வெட்டவேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார். மாடிக்கு ஏறும்போது அக்கா மறக்காமல் எடுத்துக்கொண்டது அந்த மூட்டையைத்தான். ஆத்தா தம் கையில் படிந்திருந்த புகையிலை வாடை போகும்வரை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினார். மண்ணெண்ணெய் அடுப்பில் அலகும் நூலும் கொதித்தன. பாட்டி ஒரு மூலையில் அமர்ந்து தாயுமானவரை அழைத்துக்கொண்டே இருந்தார். நானும் தம்பியும் படியில் அரிக்கன் விளக்குடன் நின்று, தண்ணீர் எந்தப் படிவரை ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். வேறென்ன செய்ய முடியும்? விடிவதற்குச் சற்று முன் பெண் குழந்தை பிறந்தது.

அம்மா மூன்றாம் நாள் நண்பகலில் வந்தார். முழங்கால்வரை சேறு, பாதங்கள் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. நாங்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தோம். மாடிக்கு ஏறிய அம்மா, முதலில் கைகளைக் கழுவிக்கொண்டார். குழந்தையின் தொப்புளைப் பார்த்தார். பிறகு அக்காவின் அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தார், நாடி பிடித்துப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். எல்லாம் செவிலியராகவே. அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, “இப்போது எதற்கு வந்தாய்?” என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆத்தாவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

அந்த ஒரு கேள்வி எங்கள் வீட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அக்கா பொங்கலுக்கு வருவார். அம்மா சீர் அனுப்புவார். ஆனால் அடுத்த இரண்டு பிரசவங்களுக்கும் அக்கா பிறந்த வீட்டுக்கு வரவில்லை. கும்பகோணத்தில் மாமியாரிடமே இருந்துவிட்டார். ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் பேறு பார்த்த அம்மாவுக்குத் தம் மகளின் மூன்று பிரசவங்களில் ஒன்றுகூட வாய்க்கவில்லை. அதைப் பற்றி அவர் புலம்பி நான் கேட்டதில்லை.

பணி முறை ஒத்துவரும் ஆண்டுகளில், சித்திரையில் செட்டிப்பெண் மருத்துவம் பார்க்க மலையேறுவார், என்னையும் அழைத்துப்போவார். திரை விலகும்போது எல்லோரும் இரத்தினாவதியையும் குழந்தையையும் தாயாக வந்த ஈசனையும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஒருமுறை கூட்டம் கலைந்தபின், படியில் உட்கார்ந்து பிரசாதத்தைப் பிரித்துக்கொண்டே அம்மா கேட்டார்: “அக்கரையில் நின்றாளே, அவள் என்ன செய்திருப்பாள்?” எனக்கு விளங்கவில்லை. “யார்?” என்றேன். “அந்தப் பெண்ணைப் பெற்றவள். இங்கே சுவாமி வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாதல்லவா?” என்றார். அவ்வளவுதான். பிறகு வாழைப்பழத்தை உரித்து என்னிடம் கொடுத்தார். அவர் எதைக் கேட்டார் என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. அத்தனை ஆண்டுகள் அந்தக் கதையைக் கேட்டிருந்தும், அக்கரையில் நின்றவளைப் பற்றி நான் ஒருமுறைகூட நினைத்ததில்லை.

2009-இல் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அக்கா கும்பகோணத்திலிருந்து வந்து மூன்று மாதம் தங்கினார். யாரும் அழைக்கவில்லை, பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கவேண்டும். எப்படித் திருப்ப வேண்டும், முதுகில் எங்கே சிவக்கிறது என்று பார்க்கவேண்டும் என்பதை அம்மாவே படுத்தபடி சொல்லிக் கொடுத்தார். “நீ பேசாமல் இரு, எனக்குத் தெரியும்” என்று அக்கா அதட்டுவார். அம்மாவை அதட்டிய ஒரே ஜீவன் அக்காதான்.

ஓர் இரவு, திருப்பிப் படுக்க வைத்துவிட்டு விளக்கை அணைக்கப் போன அக்கா, கட்டிலருகே நின்றபடியே கேட்டார். நான் அடுத்த அறையில் விழித்திருந்தேன்.

“அன்றைக்கு ஏன் வரவில்லை?”

எந்த அன்றைக்கு என்று அம்மா கேட்கவில்லை.

“வந்தேன். வாசல் கேட்வரை வந்தேன்” என்றார்.

இரவுப் பணிக்கு வரவேண்டிய எவரும் வந்து சேரவில்லையாம். பிரசவ வார்டில் அம்மாவும் ஓர் ஆயாவும் மட்டும். நள்ளிரவில், மகளுக்கு எப்படி இருக்கிறதோ என்று மனம் தாளாமல், ஆயாவிடம் சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கிறார். கேட்டுக்கு வெளியே இடுப்பளவு தண்ணீர். அதில் இறங்கிவிட்டார். கொஞ்ச தூரம் நடந்துமிருக்கிறார்.

“அப்புறம்?”

“உள்ளே இரண்டு பேர் வலியில் இருந்தார்கள். ஒருத்திக்கு முதல் பிரசவம், உன் வயதுதான். மணப்பாறைப் பக்கம். அவளோடு வந்த அம்மா, மாற்றுத் துணி எடுத்து வரப் போனவள் வெள்ளத்தில் திரும்ப முடியவில்லை. திரும்பிவிட்டேன்.”

அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “எனக்கு வலி கண்டது உனக்குத் தெரியுமா?” என்றார்.

“தெரியாது.”

“எனக்கு யாராவது இருப்பார்கள் என்றாவது தெரியுமா?”

“தெரியாது” என்றார் அம்மா.

தெரியும் என்று அவர் சொல்லியிருக்கலாம். தாயுமானவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பினேன் என்றாவது சொல்லியிருக்கலாம்; அவர் வாயிலிருந்து அது வந்திருந்தால் யாரும் ஐயப்பட்டிருக்கமாட்டார்கள். அப்படிச் சொல்லியிருந்தால் அக்காவின் மனம் ஆறியிருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. விளக்கு அணைந்தது. அக்கா தம் பாயைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. அதற்குமுன் அவர் கூடத்தில்தான் படுப்பது வழக்கம்.

அம்மா அதன்பின் மூன்று ஆண்டுகள் இருந்தார். ஊன்றுகோலுடன் வீட்டுக்குள் நடக்க முடிந்தது, மலையேற முடியவில்லை. அந்தக் காலம் முழுவதும் அக்கா இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்துபோனார். கடைசி நாள்களிலும் உடனிருந்தார்.

மறு ஆண்டு சித்திரையில் அக்கா தாமே என்னை அழைத்தார். ஐம்பத்தெட்டு வயது, மூட்டுவலி. ஒரு வாழைத்தாரை ஆள் வைத்துச் சுமக்கச் செய்து, மாணிக்க விநாயகருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினோம். தாயுமானவர் சந்நிதியில் தாரைச் சமர்ப்பித்தபோது, “யாருக்குப் பிரசவம்?” என்று குருக்கள் கேட்டார். “எனக்குத்தான்” என்றார் அக்கா. குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். “முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று. இப்போதுதான் கொண்டுவர முடிந்தது” என்று அக்கா சொன்னார்.

தரிசனத்தோடு இறங்கிவிடலாம் என்றேன். கேட்கவில்லை. உச்சிப்பிள்ளையார்வரை ஏறியே தீருவேன் என்று ஏறினார். மேலே நல்ல காற்று. வடக்கே காவிரி, வெயிலில் பெரும்பாலும் மணலாகக் கிடந்தது. மேற்கே உறையூரில் எங்கள் தெரு எது என்று இருவரும் சற்று நேரம் தேடினோம். கண்டுபிடிக்க முடியவில்லை, எல்லாம் மாடிக் கட்டடங்களாகிவிட்டன. அக்கா கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, மூச்சு அடங்கும்வரை காத்திருந்து, “ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்?” என்று கேட்டார். கை நீட்டிக் காட்டினேன். அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, உறையூருக்கும் அதற்கும் நடுவில் விரலை வைத்து அளப்பதுபோல் அளந்து பார்த்தார்.